உட்கார் என்று யாரும் சொல்லவில்லை

தட்டைத் தரையில் வைத்ததும் தடியன் உட்கார்ந்தான்.

நாய் வளர்க்காதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். தடியன் ஒன்பது மாத லேப்ரடார். இருபத்தெட்டு கிலோ. தட்டு தரையைத் தொடுவதற்குள் தலையை உள்ளே விட்டு, தீனி உருண்டைகள் நாலாபக்கமும் தெறிக்க, தட்டையே சுவர் வரைக்கும் முட்டித் தள்ளிக்கொண்டு போய், காலியான பிறகும் அதற்கு அடியில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறவன். சோப்பு, செருப்பு, டிவி ரிமோட்டில் பாதி, ஒருமுறை முழு காலுறை ஒன்று, எல்லாம் அந்த வயிற்றுக்குள் போய் வந்திருக்கின்றன. அப்படிப்பட்டவன் இப்போது முன்கால்களைச் சேர்த்து வைத்து, முதுகை நிமிர்த்தி, வாயோரம் எச்சில் நூலாக ஒழுக ஒழுகக் காத்துக்கொண்டிருந்தான்.

"சாப்பிடுடா" என்றார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவர்.

தடியன் அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே, அவருக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றால் முகம் இருக்கக்கூடிய உயரத்தில், கண்ணை வைத்திருந்தான். அவர் திரும்பிப் பார்த்தார். சுவர். சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு குடை. அவ்வளவுதான். அவர் மறுபடி முன்னால் திரும்புவதற்கும் தடியன் தலையைக் குனிவதற்கும் சரியாக இருந்தது. ஒரு உருண்டைகூடச் சிந்தாமல், நறுக் நறுக்கென்று மென்று, சாப்பிட்டான்.

அவர் லிப்ட் மெக்கானிக். முப்பது வருடமாக இருபது மாடி, இருபத்தைந்து மாடிக் குழிகளுக்குள் இடுப்பில் ஒரு பெல்ட்டோடு தொங்கியபடி சீட்டியடித்துக்கொண்டு வேலை பார்த்தவர். உடம்பில் ஒரு கீறல் விழுந்ததில்லை. விழுந்தது சமதளத்தில், வீட்டு வாசலில் இருந்து நாற்பதடி தூரத்தில். காற்றில் பறந்த ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடிக்கத் தடியன் பாய்ந்தான், கயிறு அவர் கையில் சுற்றியிருந்தது, முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் போயிற்று. தொடையிலிருந்து விரல் நுனி வரை மாவுக்கட்டு. இரண்டு மாதம் படி ஏறவே கூடாது. மாடியில் இருந்த கட்டிலைப் பிரித்துக் கீழே கொண்டுவந்து ஹாலில் போட்டார்கள். மாடியில் இப்போது வெறும் அலமாரிகளும், ஒன்றுமில்லாத இரண்டு அறைகளும்தான்.

அவர் மனைவி டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஒன்பதாகும். அதுவரை வீட்டில் அவரும் தடியனும். பிள்ளைகள் இல்லாத வீட்டில் தடியன் செல்லத்துக்குக் கேட்க வேண்டுமா. காலை ஒடித்தவனையே கட்டிலில் ஏற்றிப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார் அவர்.

அன்று மனைவி வந்ததும், "தட்டு முன்னாடி உக்கார்றதுக்கு எப்போ சொல்லிக் குடுத்த?" என்று கேட்டார்.

அவள் கைப்பையைக் கழற்றியபடி திரும்பினாள். "நானா? நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னுல்ல நெனச்சேன். ரெண்டு நாளா காலையிலயும் உக்கார்றானே."

"நான் இல்லையே."

"அப்போ அவனுக்கே புத்தி வந்திருச்சு. இந்த வீட்ல யாருக்காவது வரணும்ல."

இருவரும் சிரித்தார்கள். தடியன் சமையலறை வாசலில் உட்கார்ந்து, யாரோ கூப்பிடக் காத்திருப்பவனைப் போல, மாடிப்படி பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது காது. லேப்ரடார்களுக்குத் தொங்கும் காது, உள்ளே காற்றுப் போகாது, அழுக்குச் சேர்ந்து புண்ணாகும். தடியனுக்கும் இடது காதில் புண். ஒரு நாளைக்கு இரண்டு வேளை பஞ்சால் துடைத்துச் சொட்டு மருந்து விட வேண்டும். காலையில் மனைவி அவன்மேல் ஏறி உட்காராத குறையாக ஒரு வேளை விடுவாள். மதிய வேளை நின்றே போயிற்று. ஒற்றைக் காலோடு அந்த ராட்சசனை யார் பிடிப்பது. அதனால் மறுபரிசோதனைக்குப் போய்விட்டு வந்த அன்று மனைவி சொன்னதை அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை.

"காது சுத்தமா ஆறிருச்சாம். டாக்டரம்மா அசந்துட்டாங்க. ரெண்டு வேளையும் தவறாம விட்டாத்தான் இப்படி ஆறுமாம். நகம்கூட ரொம்ப நேக்கா வெட்டியிருக்கீங்களாம், ரத்தநாளம் படாம. பல்லும் தேய்ச்சு விடுறீங்களான்னு கேட்டாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் தடியனின் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பதினெட்டு நகங்களும் ஒரே அளவில், அரம் போட்டுத் தேய்த்ததுபோல வழவழவென்று இருந்தன. இவன் நகவெட்டியைப் பார்த்தாலே சோபாவுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டு அதையும் தூக்கிக்கொண்டு நகர்பவன்.

"நான் வெட்டல" என்றார்.

"சும்மா இருங்க."

"சத்தியமா. நீ வெட்டலையா?"

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் இருந்த வலி மாத்திரை அட்டையைப் பார்த்தாள். நர்ஸின் பார்வை அது. "இந்த மாத்திரை போட்டா கொஞ்சம் மறதி வரும். பயப்படாதீங்க. எங்க வார்டுல ஒருத்தர் டிரிப்ஸ் கம்பியோட மாப்பிள்ளை ஊர்வலம் போயிருக்காரு. அவருக்கே ஞாபகம் இல்ல" என்றாள்.

அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தடியன் அவர் கையிலிருந்து காலை இழுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தார். அவர் விடும் வரை, தூக்கிய இடத்திலேயே, தூக்கியபடியே வைத்திருந்தான்.

மறுநாளிலிருந்து மாத்திரையை விழுங்காமல் தலையணைக்கு அடியில் வைத்தார். கால் விண்விண்ணென்று தெறித்தது. பரவாயில்லை, மண்டை தெளிவாக இருக்கட்டும்.

மூன்றரை மணிக்கு, வெளியே வெயில் மங்கி, தெருவில் எங்கோ ஒரு சைக்கிள் மணி மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த தடியன் எழுந்தான். சோம்பல் முறிக்கவில்லை. காதை ஆட்டவில்லை. நேராக ஹாலைத் தாண்டி நடையில் இறங்கி மாடிப்படி ஏறினான். படியில் மனைவி மரத்தடுப்பு ஒன்று வைத்திருந்தாள், குட்டியாக இருந்தபோது வாங்கியது. அதன் கொக்கி உயர்ந்து விழும் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் கிரீச். தடியன் போகிற சத்தம். மறுபடி கிரீச். மறுபடி கொக்கி.

"டேய்! தடியா! இறங்கு கீழ!"

இறங்கவில்லை.

இயந்திரங்களின் சத்தத்தை வைத்தே சோறு தின்றவர் அவர். பத்தாவது மாடியில் ஓர் உருளை தேய்ந்தால் கீழே நின்றே சொல்லிவிடுவார். இப்போது கூரையைப் பார்த்தபடி படுத்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். வெட்டிய நகங்களின் மெல்லிய டிக் டிக். எட்டு அடி. நிற்கிறது. பின்புறம் தரையில் படும் மெத்தென்ற சத்தம், உட்கார்ந்துவிட்டான். மீண்டும் எட்டு அடி. உட்காருகிறான். திரும்புகிறான். எட்டு அடி. அவனோடு நடக்கும் இன்னொரு காலடிக்காக அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அது வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. பிறகு நடை நின்றது. நெடுநேரம் ஒன்றுமில்லை. குழாய் திறந்து மூடும் சத்தம் மட்டும். அப்புறம் காது மருந்தின் வாடை, கசப்பும் கற்பூரமும் கலந்தாற்போல, படி வழியாக மெல்ல இறங்கி ஹாலுக்கு வந்தது.

ஐந்தே முக்காலுக்குத் தடியன் இறங்கி வந்தான். முதுகு ரோமம் சீப்பு போட்டு வாரியதுபோல ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. காதோரம் ஈரம். நேராக அவரிடம் வந்து, அவர் உள்ளங்கைக்குக் கீழே மூக்கை நுழைத்து, மேலும் நுழைத்து, முழுத் தலையையும் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டான். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அவனையறியாமல் தரையில் சிறுநீர் போயிற்று. போனதும் பதறிப்போய், மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தான்.

அடுத்த நாள் அவர் நாய் டாக்டருக்குப் போன் செய்தார்.

"உடம்புல ஒரு கோளாறும் இல்லைங்க" என்றார் அந்த அம்மா. "எடை சரி, ரத்தம் சரி. இந்த வயசு லேப் இவ்வளவு சொல்பேச்சு கேட்டு நான் பார்த்ததே இல்ல. டேபிள்ல ஏத்துனா நம்ம ஆளுங்க மூணு பேரு பிடிப்பாங்க. இவன் தானாப் படுத்துட்டான்."

"வேற ஏதாவது... வித்தியாசமா?"

"ஒண்ணே ஒண்ணு. அசையவே இல்ல, சாந்தமா படுத்திருந்தான். ஆனா ஸ்டெத் வெச்சுப் பார்த்தா நெஞ்சு நூத்தி எண்பதுல அடிச்சுட்டு இருந்துச்சு. ஓடி ஓடிக் களைச்ச நாய்க்குத்தான் அப்படி அடிக்கும். நான் வெயிலா இருக்கும்னு விட்டுட்டேன். ஏங்க, வீட்ல யாராவது அவனை ரொம்பக் கண்டிக்கிறாங்களா?"

அவர் போனை வைத்துவிட்டு மாடிப்படியைப் பார்த்தார்.

அன்று மூன்று மணிக்கே தடியனைக் கயிற்றால் கட்டில் காலில் கட்டினார். தானே போட்ட முடிச்சு, லிப்ட் பெட்டியையே தாங்கக்கூடிய முடிச்சு. கண் ஒரு பத்து நிமிடம் சொருகியிருக்கும். விழித்தபோது கயிறு வட்டமாகச் சுருட்டப்பட்டு, அழகாக, அவர் தலையணை ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. மேலே டிக் டிக்.

மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றும் விடவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு தலையணையைத் தூக்கி, விழுங்காத மாத்திரைகளைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது, இனி என்ன சொன்னாலும் எடுபடாது.

"வலியோட படுத்திருந்தா இப்படித்தாங்க கண்டதும் தோணும்."

"அவனையாவது இங்கிருந்து கொண்டு போயிடு. உன் கால்ல விழறேன்."

"என்ன பேச்சு இது? சரி. நாளன்னிக்கு எனக்கு லீவு. அக்கா வீட்ல கொண்டு போய் விட்டுடறேன். நாளைக்கு ஒரு நாள் சமாளிங்க."

"நாளைக்கே போகக் கூடாதா?"

"நாளைக்கு எங்க வார்டுல ரெண்டு பேரு லீவு. பதினோரு பேஷண்ட். நான் போகலைன்னா அவங்க ரத்தத்தை யாரு சுத்தம் பண்றது?" அவள் அவர் நெற்றியில் கை வைத்துச் சூடு பார்த்தாள். "ஒரே ஒரு நாள்ங்க."

மறுநாள் மதியத்திலிருந்தே மழை. மனைவி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் அவர் ஊன்றுகோலோடு எழுந்து, ஹாலுக்கும் நடைக்கும் இடையே உள்ள கதவைச் சாத்தி, மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னல்களையும் சாத்தினார். அறை இருட்டி, மழை கூரையில் இடைவிடாமல் இரைந்துகொண்டிருக்க, ஈர நாயின் வாடையும் மாவுக்கட்டின் புளித்த வாடையும் சேர்ந்து மூச்சடைத்தது. தடியனைக் கட்டிலில் ஏற்றி, சுவர்ப்பக்கம் படுக்கவைத்து, கழுத்துப்பட்டைக்குள் தன் நான்கு விரல்களையும் நுழைத்துக்கொண்டார். தடியன் அவர் தாடையை ஒரு தடவை நக்கினான். எத்தனையோ நாளுக்குப் பிறகு, பழைய தடியனாக. "உன்னை விடமாட்டேன்டா" என்றார் அவர்.

மூன்றரை.

தடியன் தலையைத் தூக்கினான். நெஞ்சு அவர் முழங்கைக்கு எதிராக அடித்தது, எண்ண முடியாத வேகத்தில். அவன் இழுக்கவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. வெள்ளை தெரிய விழிகளை உருட்டி அவரையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். விட்டுவிடு, தாமதமானால் எனக்குத்தான் ஆபத்து என்று வாய்விட்டுச் சொன்னதுபோல் இருந்தது. மேல் தாழ்ப்பாள் இறங்கியது. சத்தமில்லாமல். கீழ்த் தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது, காற்றில் திறப்பதைப்போல் அல்ல, கைப்பிடி முழுதாகத் திருகி.

நடையில் யாரும் இல்லை.

அவர் விரல்களை இன்னும் இறுக்கினார். அவர் கண்ணெதிரே, ஓர் அடி தூரத்தில், கழுத்துப்பட்டையின் வார் வளையத்திலிருந்து பின்னோக்கி நழுவியது. கொக்கி முள் துளையிலிருந்து எழுந்தது. அவசரமே இல்லை. பட்டை அவர் கையோடு வந்துவிட்டது. தடியன் கட்டிலைவிட்டு இறங்கி, யாருடைய இடது காலையோ ஒட்டி நடப்பவனைப் போல, தலையைச் சற்று உயர்த்தியபடி வெளியே போனான்.

மனைவிக்குப் போன் செய்தார். வார்டில் வேலை நேரத்தில் அவள் போன் பெட்டிக்குள் பூட்டியிருக்கும் என்று தெரியும். ஆறு தடவை அடித்தார். பிறகு கட்டிலிலிருந்து இறங்கி, தரையில் உட்கார்ந்து, கைகளை ஊன்றிப் பின்பக்கமாக நகர்ந்தார். நடை. தடுப்பு. படி. படிக்கு முதுகைக் காட்டி, ஒவ்வொன்றாக உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்தார். மாவுக்கட்டு ஒவ்வொரு படியிலும் டொக்கென்று இடித்தது. வலி தலைக்கு ஏறிக் கண் இருண்டது. பதினாறு படி. இருபத்தைந்து மாடியில் தொங்கியபோது வராத பயம் பதினாறு படியில் வந்தது. மேலே வந்து சேர்ந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

ஒன்றுமில்லாத அறைகளில் சிறியதன் கதவு திறந்திருந்தது.

தடியன் தரையின் நடுவில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். நான்கு கால்களும் நேராக நீட்டி வைக்கப்பட்டிருந்தன. அவன் நெற்றியில் ரோமம் அமுங்கியது. ஐந்து விரல் அகலத்தில். அமுங்கிய இடம் நெற்றியிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து முதுகுக்கு, முதுகிலிருந்து வாலுக்கு மெதுவாக நகர்ந்து போயிற்று. மறுபடி நெற்றி. பிறகு இடது காது தானாக மடிந்து திரும்பி, உள்ளே இளஞ்சிவப்புத் தெரிய, அப்படியே நின்றது. மேலுதடு உயர்ந்தது. பற்கள் தெரிந்தன. ஒவ்வொரு பல்லாக யாரோ பார்க்கிறார்கள்.

தடியனின் ஒற்றைக் கண் மட்டும் அவரைக் கண்டுகொண்டது.

"வாடா" என்றார். "தடியா. வாடா கண்ணு. வீட்டுக்குப் போலாம்."

வால் நுனி தரையில் ஒருமுறை தட்டியது. இரண்டாம் முறை தட்ட உயர்ந்தது. உயர்ந்த வால் பாதியில் நின்றது. மெல்லக் கீழே அழுத்தி வைக்கப்பட்டது.

உதடு மூடிக்கொண்டது. காது கீழே விழுந்தது. ரோமம் எங்கும் அமுங்கவில்லை.

தடியனின் கண் நகர்ந்தது. தன் பக்கத்திலிருந்து, மேலே. பிறகு அறையின் குறுக்கே. கொஞ்சம் கொஞ்சமாக. அவரை நோக்கி.

அவருக்கு நேர் மேலே வந்து நின்றது.

ஓட வேண்டும். கால் இல்லை. கத்த வேண்டும். வாயைத் திறந்தார்.

தலைமுடி அமுங்கியது.

கை சூடாக இருந்தது. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. சூடாக, காய்ந்து, காது மருந்து வாடையோடு. உச்சந்தலையிலிருந்து பிடரிக்கு. ஒருமுறை. இன்னொரு முறை. பிடரியில் நின்றது. அழுத்தியது. கீழே. வலிக்கவில்லை. மறுக்க முடியாத அழுத்தம், அவ்வளவுதான். அவர் ஒருக்களித்துப் படுத்தார். மாவுக்கட்டுப் போட்ட கால் தூக்கப்பட்டது, எலும்புக்கு நோகாமல், தெரிந்தவர்கள் தூக்குவதைப் போல. நேராக நீட்டி வைக்கப்பட்டது. இன்னொரு காலும். கைகளும்.

காது மடல் மடிந்தது. குளிர்ந்த சொட்டு உள்ளே இறங்கியது.

மழை எப்போது தூறலானது என்று தெரியவில்லை. வெளிச்சம் குறைந்தது. அவருக்கு எதிரே இரண்டடி தூரத்தில் தடியனின் முகம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். எழுந்துவிடலாம், யாரும் கட்டிப்போடவில்லை, என்று நூறு தடவை நினைத்தார். நினைத்த ஒவ்வொரு தடவையும் பிடரியில் அந்தக் கை லேசாக அசைந்தது. நெஞ்சு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

கீழே சாவி திரும்பியது.

"என்னங்க?" மனைவியின் குரல். மூச்சு வாங்கியது. "ஆறு மிஸ்டு கால். பாதியில பர்மிஷன் போட்டுட்டு ஓடி வர்றேன். என்னங்க?"

வராதே. நாக்கு அசைந்தது. இரண்டு விரல்கள் அவர் உதடுகளைச் சேர்த்துப் பிடித்தன. மெதுவாக.

கீழே விளக்கு எரிந்தது. கட்டிலைப் பார்த்திருப்பாள். திறந்து கிடந்த கதவைப் பார்த்திருப்பாள்.

"தடியா? எங்கடா ரெண்டு பேரும்?"

முதல் படி. இரண்டாவது. ஈரச் செருப்பு. வேகமாக ஏறுகிறாள்.

உதடுகளிலிருந்து விரல்கள் விலகின. பிடரியிலிருந்து கை விலகியது. இப்போது கத்தலாம். தடுக்க யாரும் இல்லை. தடியனும் அவரும் ஒரே நேரத்தில் கண்களைத் திருப்பி வாசலைப் பார்த்தார்கள். கதவருகே, ஓர் ஆள் நின்றால் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்தார்கள். அசையவில்லை. சத்தம் போடவில்லை. இருட்டில் கைநீட்டிச் சுவிட்சைத் தேடியபடி அவள் உள்ளே காலெடுத்து வைத்தபோது, அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடி மெல்ல அமுங்குவதை, இருவரும் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.